சோழவரத்தின் ஹெடர் குழாய்கள்

கம்பெனி கொடுத்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் வேகம் கூடும்படி ஹெடர் எனும் வேறொன்றை வீட்டுப் பட்டறையிலேயே செய்து மாட்டும் வேலை, தமிழ்நாட்டில் சோழவரம் கார் பந்தயங்களோடு வளர்ந்தது. அந்தப் பந்தயத்துக்கு இடம் தந்தது ஒரு போர்க்கால விமான ஓடுதளம். அதன் கதை அந்தமானோடும் சேர்ந்தது.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அந்தமானின் போர்ட் பிளேரில் இறங்கியது. அடுத்த இரண்டு வாரங்களில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் குண்டு விழுந்தது. சென்னையில் பாதி ஊர் காலியானது. வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஓடுதளங்கள் எழுந்தன. போர்ட் பிளேரில் தீவு மக்களைக் கட்டாய வேலை வாங்கி ஜப்பானியர் ஒன்றை அமைத்தனர். இந்தப் பக்கம் பிரிட்டிஷார் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று போட்டுக்கொண்டே போன வரிசையில் சென்னைக்கு வடக்கே சோழவரமும் இருந்தது. போருக்குப் பின் போர்ட் பிளேர் ஓடுதளம் தீவுகளின் விமான நிலையமானது. சோழவரத்துக்கு விமானம் வரவில்லை, கார்கள் வந்தன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. கல்கத்தாவின் பாரக்பூரிலும் பம்பாயின் ஜுஹுவிலும் இப்படித்தான் ஓடுதளங்கள் பந்தயத் தளங்களாயின.

ஓடுதளம் கிடைத்ததே தவிர, ஓட்டுவதற்குப் பந்தயக் கார் கிடைக்கவில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் இந்தியாவை விட்டுப் போய்விட்டன. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், சுங்கவரியும் தாளாது. எஞ்சியவை மூன்றே வகை: 1489 சிசி அம்பாசடர், 1089 சிசி ஃபியட் 1100, 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வரச் செய்த வண்டிகள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் இறக்கினார். அந்த வசதி இல்லாதவர்கள் தங்கள் வண்டியின் எஞ்சினைப் பிரித்துத்தான் வேகம் தேட வேண்டியிருந்தது. சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவது, போர்ட்டுகளை அரைத்து வழவழப்பாக்குவது, இரட்டைக் கார்புரேட்டர் மாட்டுவது எல்லாம் நடந்தன. உள்ளே போகும் காற்று எவ்வளவு கூடினாலும் எரிந்த புகை வெளியேற வழி இல்லையென்றால் பயனில்லை என்பதால் ஹெடரும் அவற்றோடு சேர்ந்தது.

கம்பெனி தரும் புகைக்குழாயான மேனிஃபோல்டு வார்ப்பிரும்பால் ஆனது. கனமானது, நீண்ட காலம் உழைக்கும், விலையும் குறைவு. அதில் எல்லா சிலிண்டர்களின் புகையும் குட்டையான ஒரே அறையில் வந்து மோதும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உண்டு. வெளியேற்று வால்வு திறந்ததும் புகை ஒரு துடிப்பாகக் குழாயில் பாயும். அது குழாய்கள் கூடும் இடத்தை அடைந்ததும் அங்கிருந்து குறை அழுத்த அலை ஒன்று வால்வை நோக்கித் திரும்பி வரும். உள்ளிழுப்பு, வெளியேற்று வால்வுகள் இரண்டும் சற்றே திறந்திருக்கும் அந்த நொடிப்பகுதியில் அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்து, புதிய கலவையையும் உள்ளே இழுத்துவிடும். அலை எந்தச் சுழற்சி வேகத்தில் சரியாக வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். நீண்ட, ஒடுங்கிய குழாய் நடுவேகத்தில் இழுவை தரும். குட்டையான, அகன்ற குழாய் உச்ச வேகத்தில். ஓடுதளத்தின் நீண்ட நேர்பாதை இரண்டாவதைக் கேட்டது, அதன் முடிவில் இருந்த இறுக்கமான வளைவு முதலாவதை. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும்.

அம்பாசடர் எஞ்சினில் ஒரு சிறப்பு உண்டு. அது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி வரிசை எஞ்சின். நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வெளியேற்று வாய்கள்; நடுவிலுள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. பற்றவைப்பு வரிசை 1-3-4-2 என்பதால் அவ்விரண்டின் துடிப்புகளுக்கும் இடையே கிராங்கின் ஒரு முழுச்சுற்று இடைவெளி இருக்கிறது, ஒன்றையொன்று தடுப்பதில்லை. எனவே அந்த வண்டிக்கு ஹெடர் செய்பவர் மூன்று குழாய்களை வளைத்தால் போதும். நான்கு தனி வாய்கள் உள்ள எஞ்சினிலும் இதே கணக்கில் ஒன்றையும் நான்கையும், இரண்டையும் மூன்றையும் முதலில் சேர்த்து, பிறகு அந்த இரு இணைகளையும் ஒன்றாக்குவதுண்டு.

செய்முறைக்குத் தேவைப்பட்டவை லேத், கேஸ் வெல்டிங், பொறுமை. பழைய கேஸ்கெட்டை அச்சாக வைத்துத் தடித்த இரும்புத் தகட்டில் வாய்களை வெட்டி ஃபிளாஞ்ச் செய்வார்கள். குழாயில் உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, செந்நிறமாகக் காய்ச்சி வளைப்பார்கள்; மணல் இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும். ஸ்டியரிங் தண்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே இடம் பார்த்து வண்டியிலேயே புள்ளி வெல்டு வைத்து, கழற்றி முழுதாகப் பற்றவைப்பது வழக்கம். வெப்பத்தில் ஃபிளாஞ்ச் கோணிவிட்டால் அதைத் தேய்த்துச் சமன்படுத்தாமல் மாட்டக்கூடாது. மிகவும் சிரமம் தருவது பழைய மேனிஃபோல்டைக் கழற்றுவதுதான். ஆண்டுக்கணக்கில் சூடேறித் துருப்பிடித்த ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிட்டால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். எண்ணெய் ஊறவிட்டு, சூடுகாட்டி, நட்டை முன்னும் பின்னுமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கி, எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி முடுக்க வேண்டும். இல்லையென்றால் கேஸ்கெட் ஊதிவிடும்.

இந்தக் கைவேலைக்குத் தொழில் வடிவம் தந்ததில் கோயம்புத்தூருக்குப் பெரும் பங்கு உண்டு. மோட்டாரும் பம்பும் நூற்பாலை எந்திரமும் செய்த ஊரில் வார்ப்பும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருந்தன. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் சோழவரத்தில் ஓட்டியவர். 1988இல் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், குறைந்த செலவு என்ற அந்த எண்ணம் எத்தனையோ இளைஞர்களுக்குக் கதவு திறந்தது. 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் அந்த வழியில் வந்தவரே. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது.

சோழவரத்தின் இடத்தை 1990இல் இருங்காட்டுக்கோட்டையின் புதிய பந்தயத் தளம் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய தாராளமயத்துக்குப் பின் வெளிநாட்டு ஹெடர்கள் பெட்டியோடு கடைக்கு வந்தன. 1994இல் வந்த 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம் பந்தயக்காரர்களுக்குப் பிடித்த வண்டியானது. அதற்கு உள்ளூரிலும் ஹெடர்கள் செய்யப்பட்டன. குழாயை மணலிட்டு வளைக்கும் வேலை குறைந்து, வளைத்தே கிடைக்கும் துருப்பிடிக்கா எஃகுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் வேலை வந்தது.

சாலைக் கார்களில் இதற்கு இடம் சுருங்கியது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு எனும் புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தது. பல புதிய எஞ்சின்களில் கன்வர்ட்டர் எஞ்சினை ஒட்டியே நிற்கிறது. சிலவற்றில் மேனிஃபோல்டே ஹெட்டோடு சேர்ந்து வார்க்கப்படுகிறது. அத்தகைய எஞ்சினில் ஹெடரை மாட்டுவதற்கான இணைப்பே இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் ஓடும் பந்தயக் கார்களுக்கு மட்டும், விதிகள் இடம் தரும் வகைகளில், ஹெடர் செய்யும் வேலை இன்றும் நடக்கிறது.