காலர்ச் சின்னமும் வரலாற்றுச் சான்றும்: நாஜி முகாம் காவலர்களின் சீருடைகளை ஒளிப்படங்களில் வாசித்தல்

நாஜி வதைமுகாம்களைக் குறித்த ஆய்வுகளில் காவலர்களின் சீருடை உரிய கவனம் பெறுவதில்லை. சின்னங்களை ஆராய்வது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று வரலாற்றாய்வாளர் ஒதுக்கிவிடுகிறார். சேகரிப்பாளரோ சின்னத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் படத்தின் மற்ற பகுதிகளை மறந்துவிடுகிறார். இரு போக்குகளாலும் சான்று வீணாகிறது. ஒருவர் அந்தக் கொலை அமைப்பில் எந்தப் பிரிவில், எந்தத் தரத்தில் இருந்தார் என்பதைச் சீருடை காட்டும். அவர் யார், என்ன செய்தார் என்பதைத் தனியாக அது நிறுவாது. இந்த எல்லையை மதித்து வாசித்தால்தான் ஒளிப்படம் உறுதியான சான்றாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொப்பியில் மண்டையோடு இருந்தால் முகாம் காவலர் என்று முடிவுகட்டுவது பரவலான பிழை. தொப்பியின் மண்டையோடு, நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். அமைப்பு முழுவதற்கும் பொதுவானது. முகாம் காவற்படையை வேறுபடுத்திக் காட்டியது வலது காலரில் அணிந்த மண்டையோடு. 1933இல் டாக்காவ் முகாமின் தளபதியாகி, மறு ஆண்டே முகாம்களின் தலைமை ஆய்வாளராக உயர்ந்த தியோடோர் ஐக்கே வளர்த்தெடுத்த அந்தப் படைக்கு, 1936 மார்ச்சில் மண்டையோட்டுப் படை என்ற பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. 1939இல் அதிலிருந்து போர்முனை டிவிஷன் ஒன்று உருவானபோது அதன் வீரர்களும் அதே காலர்ச் சின்னத்தை அணிந்தார்கள். 1944இலோ ராணுவத்திலிருந்தும் விமானப்படையிலிருந்தும் ஆட்கள் முகாம் காவலுக்கு மாற்றப்பட்டனர். ஆகவே போர்க்காலப் படத்தில் அந்தச் சின்னம் இருப்பதோ இல்லாததோ மட்டும் எதையும் முடிவுசெய்யாது. படம் எடுக்கப்பட்ட ஆண்டும் இடமும் தெரிந்தாக வேண்டும்.

வாசிப்புக்கு முன் படத்தின் பௌதிகத் தன்மையைச் சோதிக்க வேண்டும். இடைநிலை அதிகாரிகள் வரை தரச்சின்னம் பொதுவாக இடது காலரில்தான் இருக்கும். அது வலப்பக்கம் தெரிந்தால், நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டிருக்கிறார்களா என்று பொத்தான் வரிசையையும் பதக்கங்களின் இடத்தையும் கொண்டு சரிபார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிப்பது ஆபத்தானது: ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் பதியும். தரச்சின்னம் சந்தேகமின்றித் தெரிந்தால், பணிக்கோப்பிலுள்ள பதவி உயர்வுத் தேதியோடு ஒப்பிட்டு, படம் எந்த நாளுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்று சொல்லலாம்.

ஆஷ்விட்ஸ் தளபதி ரிச்சர்ட் பேயரின் துணை அதிகாரி கார்ல் ஹோக்கரின் ஆல்பம் இந்த முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. 116 படங்கள் கொண்ட அது 2007இல் அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தை அடைந்தது. முதற்பக்கக் குறிப்பு பேயரின் பெயரையும் தரத்தையும் 1944 ஜூன் 21 என்ற தேதியையும் தருகிறது. சின்னமும் குறிப்பும் பணிக்கோப்பும் ஒன்றையொன்று தாங்குவதால் இங்கே அடையாளம் உறுதியாகிறது. இதே ஆல்பத்தில் சோலாஹூட்டே ஓய்விடத்தில் சிரித்தபடி புளூபெர்ரி தின்னும் இளம்பெண்கள் பலமுறை பெண் காவலர்கள் என்று தவறாகக் குறிக்கப்படுகின்றனர். அவர்கள் எஸ்.எஸ்ஸின் தகவல் தொடர்புத் துணைப்பணியாளர்கள். பெண் காவலர்களோ எஸ்.எஸ். உறுப்பினர்கள் அல்லர், அதன் பணியாளர் பரிவாரமாகவே கணக்கிடப்பட்டவர்கள். சீருடை வேறுபாட்டைக் கவனிக்காததால் இரு பணிகளும் கலந்துபோகின்றன.

1965இல் பிராங்க்பர்ட் நீதிமன்றம் ஹோக்கருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. ரயில் மேடையில், கொல்லப்பட வேண்டியவர்களையும் வேலைக்கு வைக்கப்படுபவர்களையும் பிரித்த ஆள் பிரிப்பில் அவர் பங்கேற்றார் என்பது நிறுவப்படவில்லை. அப்போது வெளிவராத அந்த ஆல்பம் முன்னாள் தளபதி ஹோஸ், முகாம் மருத்துவர் மெங்கலே போன்றோருடன் அவர் கொண்டிருந்த நெருக்கத்தைக் காட்டினாலும், அவரை ரயில் மேடையில் காட்டவில்லை. அதே வழக்கில், லிலி யாக்கோப் என்ற கைதி கண்டெடுத்துக் காத்த ஆஷ்விட்ஸ் ஆல்பம் வேறு வகையில் பயன்பட்டது. ஹங்கேரி யூதர்கள் வந்திறங்கும் காட்சிகள் கொண்ட அதில் காவலர் ஸ்டெபான் பாரெட்ஸ்கி அடையாளம் காணப்பட்டார். சாட்சிகளின் வாக்குமூலமும் சேர்ந்து வழக்கை வலுப்படுத்த, அவர் ஆயுள் தண்டனை பெற்றார். அங்கே சீருடைக்குள் இருந்த மனிதரைப் பெயர் சொல்லிக் காட்டியது, உயிர் தப்பியவர்களின் நினைவு.

சோபிபோர் கொலைமுகாமின் துணைத் தளபதி யோஹான் நீமான் விட்டுச்சென்ற படங்கள் 2020இல் வெளியிடப்பட்டன. அவற்றில் டிராவ்னிகி பயிற்சி முகாமிலிருந்து வந்த துணைக் காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இவர்கள் பெரும்பாலும் சோவியத் போர்க்கைதிகளிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். சீருடை அவர்களது பிரிவை உறுதிப்படுத்துகிறது. ஆனால் அவர்களில் ஒருவர், சோபிபோர் காவலராக இருந்ததற்காகப் பின்னாளில் விசாரிக்கப்பட்ட இவான் டெம்யான்யுக் என்ற அடையாளம் இன்னும் சாத்தியக்கூறாகவே பேசப்படுகிறது. அந்த நிதானம் சரியானது. ஒரே உடை அணிந்த வரிசையில் தனிமனிதரைப் பிரித்தறிய முக ஒப்பீடும் ஆவணமும் தேவை.

சின்ன ஆய்வு கொலையாளிகளின் அலங்காரத்துக்கு மதிப்புக் கூட்டாதா என்ற ஆட்சேபம் புறக்கணிக்கத் தக்கதன்று. காலரை மட்டும் வெட்டியெடுத்து அச்சிடும்போது அந்த ஆட்சேபம் உண்மையாகிவிடுகிறது. பிரான்சிஸ்கோ போய்ஷ் போன்ற ஸ்பானியக் கைதிகள் மவுத்தவுசன் முகாமின் நெகட்டிவ்களை மறைத்துக் காத்ததும், போய்ஷ் 1946 ஜனவரியில் நியூரம்பர்க் விசாரணையில் சாட்சி சொன்னதும், குற்றத்துக்குப் பொறுப்பானவர்களைச் சுட்டுவதற்காகத்தான். நம் வாசிப்பும் அந்த நோக்கத்துக்கே கட்டுப்பட வேண்டும். படத்தை முழுமையாக, ஆல்பப் பக்கத்தோடும் பின்புறக் குறிப்போடும் வெளியிட வேண்டும். பிரிவு, தரம், ஆள், செயல் ஆகிய நான்கையும் தனித்தனியே பதிந்து, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று என்று காப்பகக் குறிப்பிலேயே எழுத வேண்டும். தவறான பெயர் ஒருமுறை அச்சேறினால் உண்மைக் குற்றவாளி மறைகிறார்; இனப்படுகொலையை மறுப்பவர்களுக்கும் அதுவே ஆயுதமாகிறது. துல்லியம் இங்கே கொல்லப்பட்டவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.