சக்கரத்தின் கதை – 9: ஐம்பது அங்குலச் சக்கரமும் ஒரு மாற்றுச் சட்டையும்

1885. கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வெளியே வந்துவிட்டது. செயின், பின்சக்கரத்தில் விசை, கால் தரைக்கு எட்டும் உயரத்தில் சீட். இன்று நம் தெருவில் ஓடும் சைக்கிள் அத்தனைக்கும் அதுதான் தாய். இந்த வாரம் ரோவரைப் பற்றித்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அதே 1885-ல், ரோவரால் சாகப்போகிற பழைய உயரச் சக்கர சைக்கிளில் ஏறி, துருக்கியின் மலைப்பாதைகளில் தன்னந்தனியாக ஒருவர் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் பெயர் தாமஸ் ஸ்டீவன்ஸ். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவரைத் தாண்டி ரோவருக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டீவன்ஸ் 1854-ல் இங்கிலாந்தின் பெர்காம்ஸ்டெட் ஊரில் பிறந்தவர். 1871-ல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். வயோமிங்கில் ஆலை வேலை, கொலராடோவில் சுரங்க வேலை. பணக்காரர் இல்லை, பந்தய வீரர் இல்லை, எந்தச் சங்கமும் அவரை அனுப்பி வைக்கவில்லை. அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது வசதியான வீட்டு இளைஞர்களின் விளையாட்டுப் பொருள். கையில் காப்புக் காய்த்த ஒரு தொழிலாளி அதை எடுத்துக்கொண்டு கண்டத்தைக் கடக்கக் கிளம்பியதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அவர் ஓட்டியது கொலம்பியா ஸ்டாண்டர்ட். பென்னி ஃபார்த்திங் என்று நாம் சொல்லும் வகை. முன்சக்கரம் 50 அங்குலம், அதாவது நடுத்தர உயரமுள்ள ஒருவரின் நெஞ்சுக்கு வரும். பின்னால் சின்னதாக ஒரு சக்கரம். செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. வண்டி ஏறக்குறைய 4 மீட்டர் நகரும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை ஓட்டுபவரின் கால் நீளம் முடிவு செய்தது. சட்டைக்கு அளவெடுப்பதுபோல் காலுக்கு அளவெடுத்து வண்டி வாங்கினார்கள். டயருக்குள் காற்று இல்லை, கெட்டி ரப்பர்தான். பெடலை மிதிக்காமல் சும்மா விடவும் முடியாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

இதில் ஏறுவது எப்படி? குரங்கு பெடல் போட்டுப் பழக வழியே இல்லாத வண்டி இது. பின்பக்கம் நின்று, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, சின்னச் சக்கரத்துக்குச் சற்று மேலே உள்ள இரும்புப் படியில் இடது காலை வைக்க வேண்டும். வலது காலால் தரையை உந்தி உந்தித் தள்ளி, வண்டி ஓடத் தொடங்கியதும் படியில் எழுந்து நின்று, அப்படியே முன்னால் எகிறிச் சீட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்த கணமே, சுற்றிக்கொண்டிருக்கும் பெடல்களைக் கால் கண்டுபிடிக்க வேண்டும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

விழுவது மட்டும் சுலபம். உட்கார்ந்திருப்பவரின் எடை முழுவதும் முன் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. சக்கரம் ஒரு கல்லில் இடித்து நின்றால், வண்டி நிற்காது. அச்சைச் சுற்றி முழுதாக முன்பக்கம் கவிழும். கால்கள் ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டிக்கொள்வதால் குதித்துத் தப்பவும் முடியாது. தலைதான் முதலில் தரையைத் தொடும். இதனாலேயே இறக்கத்தில் அனுபவசாலிகள் இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேலே, முன்னால் போட்டுக்கொண்டு போவார்கள். தூக்கி எறியப்பட்டாலும் காலில் விழலாமே!

இந்த வண்டியை எடுத்துக்கொண்டு 1884 ஏப்ரல் 22 காலை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஸ்டீவன்ஸ் கிளம்பினார். ஹேண்டில்பாரில் கட்டிய பையில் காலுறைகள், ஒரே ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அந்த மழைக்கோட்டுதான் இரவில் கூடாரமும் படுக்கையும். சாக்ரமென்டோ தாண்டியதும் சியர்ரா நெவாடா மலை எதிரே நின்றது. மேலே பனி மூடிக் கிடந்தது. சாலை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ரயில் பாதையை மட்டும் பனி மூடாமலிருக்க மரத்தால் கூரை போட்டு மூடிப் பல மைல் நீளத்துக்குக் கொட்டகை கட்டியிருந்தார்கள். அந்த இருட்டுக்குள் தண்டவாளத்தின் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ரயில் வரும் சத்தம் கேட்டால் வண்டியோடு மரச்சுவரில் ஒட்டிக்கொள்வார். என்ஜின் உரசினாற்போல் கடந்து போகும். வெளியேற வழியில்லாத கரிப்புகை உள்ளேயே சுழலும். புகை அடங்கும் வரை காத்திருந்து மறுபடி நடப்பார்.

103 நாட்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். சுமார் 3,700 மைல். அமெரிக்காவைச் சைக்கிளில் குறுக்கே கடந்த முதல் ஆள் அவர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டியதல்ல, தள்ளிக்கொண்டு நடந்தது. இதைச் சொல்லி அவர் சாதனையைக் குறைப்பவர்கள் உண்டு. நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். சாலையே இல்லாத பாலைவனத்திலும் மலையிலும் ஆயிரம் மைலுக்கு மேல், ஓட்ட முடியாத ஒரு இரும்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு ஓட்டுவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும்.

இங்கே கர்னல் ஆல்பர்ட் போப் திரும்பவும் கதைக்குள் வருகிறார். லாலெமென்டின் காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் சைக்கிள் செய்த ஒவ்வொருவரிடமும் கப்பம் வசூலித்தவர். பெடல் சைக்கிளுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய அந்த லாலெமென்ட், 1891-ல் பாஸ்டனிலேயே யாரும் கண்டுகொள்ளாமல் செத்துப்போனார். அதனால் போப்பை நான் ஒருநாளும் நாயகன் வரிசையில் சேர்க்க மாட்டேன். ஆனால் கொலம்பியா சைக்கிள் அவருடைய கம்பெனிச் சரக்கு. சைக்கிள் பத்திரிகை உலகிலும் அவர் கை நீண்டிருந்தது. ஸ்டீவன்ஸ் பாஸ்டனில் வந்து இறங்கியபோது, இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்று போப்புக்குப் புரிந்துவிட்டது. ‘அவுட்டிங்’ பத்திரிகை ஸ்டீவன்ஸைச் சிறப்பு நிருபராக அமர்த்திக்கொண்டது. மீதி உலகத்தைச் சுற்றப் பணம் வந்தது அப்படித்தான்.

1885 மே மாதம் லிவர்பூலில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஐரோப்பாவை அவர் சிரமமில்லாமல் கடந்தார். பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா எங்கும் சாலை இருந்தது, விடுதி இருந்தது, வரவேற்கச் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் இருந்தார்கள். ஹங்கேரியில் இகாலி என்ற சைக்கிள் வீரர் சில நாட்கள் கூடவே ஓட்டி வந்தார். செர்பியா, பல்கேரியா வழியாகக் கான்ஸ்டான்டிநோபிள். அதற்கப்பால்தான் கதையே.

அனடோலியாவின் கிராமங்களில் சைக்கிளைக் கண்டவர் யாருமில்லை. பெரிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்து ஒருவன் மிதந்து வருவதைக் கண்டு ஊரே திரளும். ஏறி ஓட்டிக் காட்டு, பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ஓட்டிக் காட்டினால், இன்னும் பார்க்காதவர்கள் வந்து மறுபடி கேட்பார்கள். நாள் முழுதும் மலையேறிக் களைத்து வந்தவர் சாப்பாட்டுக்கு முன் ஊர் நடுவில் வட்டமடித்துக் காட்ட வேண்டும். ஆனால் அதே கிராமங்கள்தான் அவருக்கு ரொட்டியும் தயிரும் போட்டு, படுக்க இடமும் கொடுத்தன. கையில் ஒரு மழைக்கோட்டோடு வந்தவர் உயிரோடு பாரசீகம் சேர்ந்தார் என்றால் அதற்குக் காரணம் அந்த ஊர்களின் விருந்தோம்பல்தான்.

1885 செப்டம்பர் இறுதியில் தெஹ்ரான். குளிர்காலம் முழுதும் அங்கேயே தங்கினார். பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷா அவரை வரவழைத்து, சைக்கிளை ஓட்டச் சொல்லி நேரில் பார்த்தார். சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் ஒரு சக்கரவர்த்தியின் முன் வித்தை காட்டிக்கொண்டிருந்தார்!

அடுத்து எந்த வழி என்பதை முடிவு செய்தது சைக்கிள் அல்ல, அரசியல். 1885 மார்ச் மாதம் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை ஆப்கானியர்களைத் தாக்கியிருந்தது. பிரிட்டனும் ரஷ்யாவும் போர் விளிம்பு வரை போய்த் திரும்பியிருந்தன. மத்திய ஆசியா முழுதும் சந்தேகம் நிறைந்திருந்த நேரம் அது. சைபீரியா வழியே போக ரஷ்யா அனுமதிக்கவில்லை. ஸ்டீவன்ஸ் துணிந்து அனுமதியில்லாமலே ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தார். ஃபராஹ் வரை போனார். அங்கே பிடித்துவிட்டார்கள். ஹெராத்துக்குக் கொண்டுபோய், காவலோடு பாரசீக எல்லையில் திருப்பி விட்டார்கள். இதை அவரது தோல்வியாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சாம்ராஜ்யங்கள் துப்பாக்கியை நீட்டி நிற்கும் இடத்துக்குள், பையில் ரிவால்வரும் நோட்டுப் புத்தகமுமாக ஓர் ஆங்கிலேயர் வந்தால் உளவாளி என்றுதான் நினைப்பார்கள். ஒரு கீறல் இல்லாமல் அனுப்பி வைத்த ஆப்கானியர்கள் கண்ணியமானவர்கள் என்பேன்.

காஸ்பியன் கடல், பாகு, பாத்தூம், மீண்டும் கான்ஸ்டான்டிநோபிள். வந்த திசையிலேயே பெரும் சுற்று. அங்கிருந்து கப்பலில் கராச்சி, பிறகு லாகூர். 1886-ன் மழைக்காலத்தில் நம் மண்ணில் அவருடைய சக்கரம் சுற்றத் தொடங்கியது. லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலை, 2,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுண்ணாம்புக் கற்களை இறுக்கிப் போட்ட அந்தச் சாலை, அவர் பயணத்தில் கிடைத்த மிக நல்ல நெடுஞ்சாலைகளில் ஒன்று. மூன்று கண்டங்களில் தள்ளிக்கொண்டு நடந்தவருக்கு டெல்லி, கான்பூர், காசி என்று ஓட்டிக்கொண்டே போக முடிந்தது. வெயிலும் புழுக்கமும்தான் அவரை வாட்டின. ஷேர்ஷா சூரி காலத்தில் புதுப்பொலிவு பெற்று, பிரிட்டிஷ் ஆட்சியில் கெட்டிப்படுத்தப்பட்ட அந்தப் பாதைக்கு உலகச் சைக்கிள் வரலாற்றில் இப்படி ஓர் இடம் உண்டு. நம் பாடப் புத்தகங்களில் இது ஒரு வரியாகவாவது வர வேண்டாமா?

சீனாவில் நிலைமை தலைகீழ். பிரான்சோடு போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வெள்ளை முகத்தைக் கண்டாலே மக்களுக்குக் கொதித்தது. கான்டனிலிருந்து உள்நாட்டுக்குள் போனவரை ஓர் ஊரில் கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. அரசு அதிகாரியின் வளாகத்துக்குள் ஓடி ஒளிந்துதான் உயிர் பிழைத்தார். சாலை என்று சொல்லவே முடியாத வயல் வரப்புகள் வேறு. படகில் யாங்சி நதி வழியாக ஷாங்காய் சேர்ந்து, ஜப்பானுக்குக் கப்பலேறினார். நாகசாகியிலிருந்து கிழக்கே ஓட்டி, 1886 டிசம்பர் 17 அன்று யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். மொத்தம் ஏறக்குறைய 13,500 மைல்.

இந்தப் பயணத்தைப் பற்றி ஸ்டீவன்ஸ் எழுதிய இரண்டு தொகுதிகளையும் படிப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிய மக்களைப் பற்றி எழுதும்போது, அந்தக் கால ஆங்கிலேயரின் மேட்டிமை பல பக்கங்களில் தலைகாட்டுகிறது. தனக்குச் சோறு போட்டவர்களையே சில இடங்களில் இளக்காரமாக எழுதுகிறார். அவரை நேசிக்கும் எனக்கு அந்தப் பக்கங்கள் வலிக்கவே செய்கின்றன. அதற்குப் பதில்போல, 1923-ல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பி, ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூவர் 1928-ல் வெற்றியோடு திரும்பினார்கள். வேடிக்கை பார்க்கப்பட்ட ஆசியாவிலிருந்து உலகத்தைப் பார்க்கக் கிளம்பியவர்கள் அவர்கள். அவர்களுக்கென்றே தனி அத்தியாயம் பின்னால் வருகிறது.

உயரச் சக்கரத்தின் முழுத் திறமையையும் உலகுக்குக் காட்டியவர் ஸ்டீவன்ஸ். அது ஏன் ஒழிய வேண்டும் என்பதையும் அவர் பயணமே காட்டிவிட்டது. ஏற்றத்தில் தள்ள வேண்டும், இறக்கத்தில் தலைகுப்புற விழ வேண்டும், ஏறி இறங்கவே தனிப் பயிற்சி வேண்டும் என்ற ஒரு வண்டி மக்கள் வாகனமாக ஆகவே முடியாது. பெண்களும் வயதானவர்களும் பெரும்பாலும் அதை நெருங்கவில்லை. அவர் யோகோஹாமாவில் இறங்கியபோது, இங்கிலாந்தில் ரோவர் விற்பனைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்டீவன்ஸின் கொலம்பியா சைக்கிளைப் போப் கம்பெனி பத்திரமாக வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் செய்யப் பழைய இரும்பு திரட்டியபோது அதையும் கொடுத்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் இருந்திருக்க வேண்டிய வண்டி அது. மன்னிக்க முடியாத செயல்.

ரோவர் அடுத்த வாரம் உறுதியாக வரும். 1885 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அதை ஓட்டி, 100 மைலை 7 மணி 5 நிமிடம் 16 விநாடியில் கடந்த பந்தயத்திலிருந்து தொடங்குவோம்.