22/7-உம் ஒரு பழைய கடனும்



போன வாரம் பேத்தி வீட்டுப்பாடத்தோடு வந்து, "தாத்தா, அப்ராக்ஸிமேட்னா என்ன?" என்றாள். "ஏறக்குறைய" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. பழைய கடன் ஒன்றை ஞாபகப்படுத்திவிட்டது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் 'ப்ரோபே' என்றால் பக்கத்தில். 'ப்ராக்ஸிமஸ்' என்றால் இருப்பதிலேயே மிகப் பக்கத்தில். அதன் முன்னால் 'நோக்கி' என்று பொருள்படும் 'அட்' சேர்ந்து, 'மிக அருகே வருதல்' என்ற பொருளில் அப்ராக்ஸிமேட் பிறந்தது. ஆங்கிலத்தின் 'நெக்ஸ்ட்' கூட அப்படித்தான். 'நை' (அருகே) என்ற பழைய சொல்லின் உச்சநிலைதான் 'நெக்ஸ்ட்'.

நம் தமிழும் இதையே சொல்கிறது. கிட்டத்தட்ட என்பதில் 'கிட்ட' இருக்கிறது. ஏறக்குறைய என்றால் கொஞ்சம் ஏறலாம், கொஞ்சம் குறையலாம். நாம் சாதாரணமாகச் சொல்லும் 'சுமார்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு எண்ணிக்கை என்று பொருள். எண்ணிக்கையே இங்கு வந்து குத்துமதிப்பாகிவிட்டது, பாருங்கள்!

இனி கடனுக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில், பை = 22/7 என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவன் அப்பா மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். எழுந்து நின்றான். "சார், 22-ஐ 7-ஆல வகுத்தா 142857 திரும்பத் திரும்ப வருது. பை அப்படித் திரும்ப வராது, முடிவும் இல்லைன்னு நேத்து சொன்னீங்க. அப்ப ரெண்டும் எப்படி சார் சமம்?"

"புத்தகத்துல போட்டிருக்கு, எழுதுடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன் கேள்வியே கேட்கவில்லை.

அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸ்கூட 22/7-ஐச் சமம் என்று சொல்லவில்லை. பை அதைவிடச் சிறியது, 223/71-ஐவிடப் பெரியது என்று இரண்டு பக்கமும் வேலி போட்டார். நம் ஆரியபடர் கி.பி. 499-இல், விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832 என்றார். அதாவது 3.1416. அதோடு 'ஆசன்ன' என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். அருகில் அமர்ந்தது என்று பொருள். லத்தீன்காரர் எடுத்த அதே உவமை!

ஏன் 'ஆசன்ன' என்றார்? உண்மை அளவையே சொல்லியிருக்கலாமே? ஏறக்குறைய கி.பி. 1500-இல் கேரளத்து நீலகண்ட சோமயாஜி இதே கேள்வியைக் கேட்டுப் பதிலும் எழுதினார். விட்டத்தை மிச்சமில்லாமல் அளக்கும் கோல் சுற்றளவை அளக்கும்போது மிச்சம் வைக்கும். கோலை எவ்வளவு சிறிதாக்கினாலும் மிச்சம் குறையுமே தவிர இல்லாமல் போகாது என்றார். ஐரோப்பாவில் லாம்பர்ட் இதை நிரூபித்தது 18-ஆம் நூற்றாண்டில். போடிமெட்டு ஏறி இறங்கினால் கேரளம். அந்தப் பக்கத்தில் எழுதப்பட்ட பதில் இந்தப் பக்கத்து வாத்தியாருக்குத் தெரியவில்லை.

ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே 'அப்ராக்ஸிமேஷன்ஸ்' என்ற சொல் உண்டு. அதிலுள்ள ஒரு தொடரில் முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே பை ஆறு தசம இடங்களுக்குச் சரியாக வரும். அடுத்தடுத்த ஒவ்வொரு உறுப்பும் சுமார் எட்டு இடங்களைச் சேர்க்கும். 1985-இல் கோஸ்பர் அதை வைத்துக் கணினியில் 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டார்.

ஆக, தோராயம் என்பது தப்பு அல்ல. எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு 22/7 போட்டால் சுற்றளவு சுமார் 1.26 மில்லிமீட்டர் கூடிவிடும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்க அது போதும். ஆரியபடர் கணக்கில் ஒரு கிலோமீட்டர் விட்டத்துக்கே பிழை 7 மில்லிமீட்டர்தான்.

ஏலக்காய் ஸ்டோரில் இதை யாரும் பாடமாகப் படிப்பதில்லை. பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ போட்டால் காய்ந்தது ஒரு கிலோ என்பார்கள். 'சமம்' என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஈரம் எவ்வளவு, காய் எந்த எடுப்பு என்று பார்த்துத்தான் பேசுவார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த பையனுக்கு என் சமக்குறி உறுத்தியதில் ஆச்சரியம் இல்லை.

தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. படித்தால் உனக்கே தெரியும். நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு. அன்றைக்கு வகுப்பு சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன். அதற்காக மன்னித்துக்கொள். போடிக்கு வந்தால் வீட்டுக்கு வா.

பேத்தியைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தட்டையும் நூலையும் கொடுத்திருக்கிறேன். அளந்துகொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்