தாய்மொழியும் அயல்மொழியும்: கல்கத்தாப் பல்கலைக்கழகம் காட்டிய வழி

இந்திய மொழிகளைக் கல்லூரியில் முறையாகக் கற்பிக்கும் முயற்சி, வங்கத்தில் ஆள்வோரின் தேவையை ஒட்டியே எழுந்தது. 1800ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி பிரபு நிறுவிய வில்லியம் கோட்டைக் கல்லூரி, கம்பெனியாரின் இளம் அலுவலர்களுக்கு வங்காளம், இந்துஸ்தானி முதலிய மொழிகளைக் கற்பித்தது. குடிகளின் மொழியை அறியாமல் ஆட்சி நடத்த இயலாது என்பதே அதன் நோக்கம்.

1857இல் தோன்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலமே கோலோச்சியது. வங்க மாணவன் தன் தாய்மொழியைப் பயின்று முதுகலைப் பட்டம் பெற அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. சர் ஆசுதோஷ் முகர்ஜியின் பெருமுயற்சியால் 1919இல் அவ்வாயில் திறந்தது.

அத்திட்டத்தின் சிறப்பு யாது? தாய்மொழி ஒன்றை மட்டும் கற்றால் போதாது என அது விதித்தது. மாணவன் தன் மொழியில் ஆழ்ந்த புலமை பெறுவதோடு, மற்றோர் இந்திய மொழியிலும் பழக்கம் பெறவேண்டும். முன்னது வேர், பின்னது கிளை. ஆள்வதற்காக அன்று, அண்டை மாநிலத்தாரை அறிவதற்காகவே இக்கல்வி அமைந்தது.

1922இல் அங்கே இந்திய மொழியியற் பேராசிரியரான சுனிதிகுமார் சட்டர்ஜி, தம் தாய்மொழியின் வரலாற்றை ஆராய்ந்து 1926இல் பெருநூல் வெளியிட்டார். அந்நூலில் வங்காளத்தில் படிந்த திராவிடச் சாயலையும் எடுத்துக் காட்டினார். தன் மொழியை ஆழ அறிந்தவருக்கே பிற மொழியின் உறவு புலப்படும் என்பதற்கு இஃதொரு சான்று.

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறிவாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது மிகுதி. நம் பிள்ளைகள் வாழுமிடத்து மொழியைத் தெருவிலும் பள்ளியிலும் கற்றுவிடுகின்றனர். ஆங்கிலத்தைக் கல்லூரியில் கற்கின்றனர். தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாமல் நிற்போர் பலர். பாட்டியின் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் பட்டதாரியை நாம் கண்டதில்லையா? கிளை தழைத்தும் வேர் வாடுகிறது.

பிறமொழிக் கல்வியைக் குறைப்பது இதற்கு மருந்தன்று. அண்டை வீட்டாரின் மொழியை அவர்கள் இலக்கியத்தோடு கற்கட்டும். அது நமக்குப் பெருமையே. ஆயின் பல்கலைக்கழகம் வைத்த வரிசையை நாமும் வைப்போம். முதலிடம் தாய்மொழிக்கு. அதனைத் தரவேண்டிய முதற் கல்லூரி நம் இல்லமே.