தற்காப்புக் கலைகளின் வலிமை ஒப்பீடு: பத்துமலையும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

ஒரு தற்காப்புக் கலை இன்னொன்றை வெல்லுமா என்ற கேள்வி கிள்ளான் பள்ளத்தாக்கில் வெறும் வாய்ப்பேச்சாக நின்றுவிடுவதில்லை. பத்துமலையில் கொமுட்டர் ரயில் ஏறி செந்தூல் தாண்டி பிரிக்பீல்ட்ஸில் இறங்குவதற்குள் தமிழரின் சிலம்பம், மலாய்க்காரரின் சிலாட், சீனரின் குங்ஃபூ, ஜப்பானியக் கராத்தே, கொரிய டேக்குவாண்டோ, அண்மையில் வேரூன்றிய எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டை ஆகிய அனைத்தும் பயிற்றுவிக்கப்படும் வட்டாரங்களைக் கடந்துவிடலாம். பிள்ளையை எதில் சேர்ப்பது என்று பெற்றோர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் இனப்பெருமை, சினிமா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பதக்கம் எல்லாம் கலந்துவிடுகின்றன.

கலையின் பெயரை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. எந்த விதியின்கீழ், எவ்வளவு தூரத்தில், எதிர்த்து நிற்கும் ஆளோடு எத்தனை காலம் பழகியவர் என்பவற்றை வைத்தே சொல்ல முடியும்.

வந்து சேர்ந்த வழிகள்

சிலம்பம் மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளரோடு கப்பலேறி வந்தது. ரப்பர்த் தோட்டங்களில் மாலை நேரத்தில் ஆசான் ஒருவர் இளையவர்களைச் சேர்த்துக் காலடி சொல்லிக் கொடுப்பதும், மாரியம்மன் திருவிழாவில் அவர்கள் கம்பு சுற்றிக் காட்டுவதும் வழக்கமாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது கலையும் கூடவே வந்து தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் கோயில் மண்டபங்களிலும் இடம்பிடித்தது.

டேக்குவாண்டோவின் வரவு வேறு விதமானது. அக்கலைக்கு அப்பெயரைத் தந்தவர்களில் முதன்மையானவரான தளபதி சோய் ஹோங் ஹி, 1962-ல் மலாயாவுக்கான தென்கொரியத் தூதராக இங்கு வந்தார். மறுஆண்டு மெர்டேக்கா அரங்கில் அக்கலை மக்கள் முன் செய்து காட்டப்பட்டது. அதாவது தூதரக மரியாதையோடும் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் ஆதரவோடும் வந்த கலை அது. அந்த வாசல் சிலம்பத்துக்கு ஒருநாளும் திறந்ததில்லை. இரண்டும் பெற்ற பரவலை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்தால், பரவலாக இருப்பதாலேயே ஒன்று வலியது என்ற பிழையான முடிவுக்கு வந்துவிடுவோம்.

கராத்தேயைப் பொறுத்தவரை, 1966-ல் சியூ சூ சூட் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய கராத்தே புடோக்கான் முக்கியமானது. அதிலிருந்து கிளைத்த வகுப்புகளில் எல்லா இனத்தவரும் சேர்ந்தனர். தமிழ் இளைஞர்கள் மிகுதியாகவே சேர்ந்தனர். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 50 கிலோ பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த சி. ஷாமளாராணி இந்த நீண்ட வரிசையில் வருபவர். மலாய்க்காரரின் சிலாட்டோ 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மலேசியாவின் பெயரில் சேர்க்கப்பட்டது.

விதி வளர்க்கும் திறமை

போட்டி விதி எதற்குப் புள்ளி தருகிறதோ அதையே மாணவர் ஆயிரம் முறை பழகுவார். எதற்குத் தண்டனை தருகிறதோ அது கையிலிருந்து மெல்ல உதிர்ந்துவிடும்.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதியில் கைக்குத்துக்கு ஒரு புள்ளி, உடலில் படும் உதைக்கு இரண்டு, தலையில் படும் உதைக்கு மூன்று. அடி பட வேண்டும், ஆனால் கட்டுப்பாட்டோடு பட வேண்டும். மிகையான வேகத்தில் முகத்தைத் தாக்கினால் தண்டனை. இதனால் கராத்தே வீரரிடம் தூரத்தை அளந்து மின்னலாய் உட்புகுந்து வெளியேறும் திறன் அசாதாரணமாக வளர்கிறது. ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை அந்த விதி பெரிதாகக் கற்றுத் தருவதில்லை.

ஒலிம்பிக் டேக்குவாண்டோவில் தலையைக் கையால் குத்தக் கூடாது. தலையை நோக்கிய உதைக்குப் புள்ளி அதிகம், சுழன்று உதைத்தால் இன்னும் அதிகம். ஆகவே கைகள் தாழ்ந்து, கால்கள் வியக்கத்தக்க உயரத்தில் வேலை செய்கின்றன. போட்டிச் சிலாட்டில் குத்துக்கு ஒன்று, உதைக்கு இரண்டு, எதிராளியைக் கீழே விழத்தாட்டினால் மூன்று. தலையும் கழுத்தும் இலக்கல்ல. உதைக்கும் காலைப் பிடித்து வாரிவிடுவதில் சிலாட் வீரருக்கு இணை சொல்வது கடினம். முகத்துக்கு வரும் குத்தைத் தடுப்பதில் குத்துச்சண்டை மாணவர் அவரை முந்துவார்.

ஜப்பானில் 1882-ல் கோடோக்கான் பள்ளியை நிறுவிய கானோ ஜிகோரோ இதை நன்கு உணர்ந்திருந்தார். பழைய ஜுஜுட்சுவில் உயிருக்கு ஆபத்தான நுணுக்கங்கள் இருந்தன. ஆபத்தானவை என்பதாலேயே அவற்றை யார்மீதும் முழு வேகத்தில் பழக முடியவில்லை. கானோ அவற்றை நேர்மோதல் பயிற்சியிலிருந்து விலக்கி, முழுப் பலத்தோடு பழகத்தக்க வீச்சுகளையும் பிடிகளையும் முன்னுக்குக் கொண்டுவந்து ஜூடோவை அமைத்தார். கொல்லும் வித்தையை ஒருநாளும் செய்து பார்க்காதவரைவிட, கொல்லாத வித்தையை நாள்தோறும் திமிறும் ஆள்மீது செய்து பார்ப்பவர் வலியவர் ஆனார். இக்கட்டுரைப் பொருளில் இதைவிடப் பெரிய உண்மை ஒன்றில்லை.

சிலம்பத்தின் நிலை

இந்த அளவுகோலைச் சிலம்பத்தின்மீது வைத்துப் பார்க்கத் தமிழர் தயங்கக் கூடாது. கம்பின் நீளம் பொதுவாக ஆடுபவரின் நெற்றி உயரம், ஏறக்குறைய ஐந்தரை அடி. மூங்கிலும் பிரம்பும் பயன்படுகின்றன. பயிற்சி கையில் தொடங்குவதில்லை, காலில் தொடங்குகிறது. காலடி வரிசைகள் பழகிய பிறகே வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு என்று பாடம் நகரும். எதிராளியின் கம்பு வரும் கோட்டிலிருந்து உடலை விலக்கிக்கொண்டே தன் கம்பை அவருடைய திறந்த பக்கத்துக்குக் கொண்டுசெல்வதுதான் காலடியின் பயன். கம்பு போய்விட்டால் வெறுங்கையால் பொருதக் குத்துவரிசை உண்டு. மான்கொம்பு, சுருள்வாள் முதலியவை மேல்நிலைப் பாடங்கள்.

மரபான தொடுமுறைப் போட்டியில் கம்பின் நுனியில் வண்ணப்பொடியைத் தோய்த்துக்கொண்டு இருவர் மோதுவர். யார் உடலில் எத்தனை தடங்கள், எந்த இடத்தில் என்று எண்ணி வெற்றி தீர்மானிக்கப்படும். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஏமாற்ற முடியாத கணக்கு அது: பட்டதா இல்லையா என்பதை உடலே காட்டிவிடும். இன்று தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து இம்முறை தொடர்கிறது.

ஆனால் மேடைகளில் கைதட்டல் பெறுவது அலங்கார வீச்சுதான். ஒற்றைக் கம்பையும் இரட்டைக் கம்பையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழற்றுவது மணிக்கட்டுக்கும் தோளுக்கும் மூச்சுக்கும் அரிய பயிற்சி. அதன் அழகை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் காற்றில் சுற்றும் கம்புக்கு எதிர்ப்பு இல்லை. அலங்காரம் மட்டும் பழகிய மாணவரின் கம்பை எதிராளி ஒருமுறை ஓங்கித் தட்டினால் சுழற்சி அறுந்துபோகும். கிள்ளான் பள்ளத்தாக்கின் சிலம்ப வகுப்புகள் தொடுமுறையைக் கைவிடாமல் வளர்ப்பது, கலை உயிரோடு இருப்பதற்கும் பொம்மையாக நிற்பதற்கும் இடையிலான தேர்வு. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது நல்ல செய்தி. அத்தகைய அங்கீகாரத்தால் மோதல் பிரிவு வலுப்பெறுமா, காட்சிப் பிரிவு மட்டும் வீங்குமா என்பதைப் பொறுத்தே சிலம்பத்தின் எதிர்காலம் அமையும்.

தூரம் பற்றியும் ஒரு சொல். நல்ல தொடுமுறைச் சிலம்ப வீரர் கையில் கம்பும், முன்னால் ஐந்தடி வெளியும் இருந்தால் வெறுங்கையோடு வரும் எந்தக் கலைஞரும் அவரை நெருங்குவது பெரும்பாடு. அந்த வெளி போய், இருவரும் ஒரு மின்தூக்கிக்குள் நின்றால் கம்பு பாரம். இதில் எந்தக் கலைக்கும் இழுக்கு இல்லை.

பரம்பரைப் பெருமை சான்றாகுமா?

காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதிதருமர் ஷாவோலின் மடத்தில் சண்டைக் கலையைக் கற்பித்தார், ஆகவே குங்ஃபூவுக்கும் கராத்தேக்கும் தாய் தமிழர் கலையே என்ற பேச்சு மலேசியத் தமிழரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2011-ல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் அதை இன்னும் பரப்பியது. வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற பௌத்தத் துறவி என்ற மரபு பழையது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ என்ற நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதையும், அதன் முன்னுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்பதையும் சீன ஆய்வாளர் டாங் ஹாவ் 1930-களிலேயே எடுத்துக்காட்டினார். ஒருவேளை அந்தக் கதை உண்மையாகவே இருந்தாலும், ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆசானின் திறமை இன்றைய மாணவரின் முழங்கையில் வந்து இறங்கிவிடாது. சிலம்பத்துக்கு இரவல் பெருமை வேண்டியதுமில்லை. அதன் காலடி ஒன்றே போதும்.

நேருக்கு நேர்

கலைகள் வெளிப்படையாக மோதிய நிகழ்ச்சிகள் சில உண்டு. 1954 ஜனவரியில் மக்காவில் டாய் சீ ஆசான் வூ கோங்யீயும் வெண்கொக்கு முறை ஆசான் சான் ஹாக்ஃபூவும் அறநிதிக்காக மோதினர். முடிவு வெற்றி தோல்வி இல்லை. 1976-ல் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி மல்யுத்த வீரர் இனோக்கியோடு மோதியபோது, இனோக்கி பெரும்பாலான நேரம் மல்லாந்து கிடந்து அலியின் கால்களை உதைத்தார். உலகின் தலைசிறந்த கைகளுக்கு இலக்கே கிடைக்கவில்லை. அதுவும் சமனில் முடிந்தது.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் வெவ்வேறு கலையினர் மோதிய முதல் யு.எஃப்.சி. போட்டி விவாதத்தையே மாற்றியது. ஒல்லியான ராய்ஸ் கிரேசி பிரேசிலிய ஜுஜுட்சுவைக் கொண்டு ஒரே இரவில் மூவரைத் தோற்கடித்தார். இதுவே தலைசிறந்த கலை என்று உலகம் முடிவுகட்டியது. பிறகு மற்றவர்களும் தரைப்பிடிகளைக் கற்றுக்கொண்டார்கள். 2000-ல் டோக்கியோவில் ஜப்பானிய மல்யுத்த மரபில் வந்த சக்குராபா, 90 நிமிடம் நீண்ட மோதலில் அதே கிரேசியை வென்றார். கலையின் மேன்மை என்று தோன்றியதில் பெரும்பகுதி எதிராளியின் அறியாமையே என்பது அப்போது தெளிந்தது.

நமக்கு நெருக்கமான சான்று அகிலன் தானி. செந்தூலில் வளர்ந்தவர், உடல் எடையைக் குறைக்கவென்று பயிற்சிக்கூடத்துக்குப் போய் ஜுஜுட்சுவில் ஈடுபட்டு எம்.எம்.ஏ. வீரரானவர். தோல்வியே காணாமல் 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த வீரர் பென் ஆஸ்க்ரெனைச் சந்தித்தார். முதல் சுற்றிலேயே கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் பிடியில் சிக்கித் தோற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஷாங்காயில், 2002 ஆசிய விளையாட்டில் ஜூடோ தங்கம் வென்ற அக்கியாமாவை நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பால் வென்றார். அக்கியாமாவுக்கு அப்போது 43 வயது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். மல்யுத்தம் ஜுஜுட்சுவை வென்றது, ஜுஜுட்சு ஜூடோவை வென்றது என்று இதற்கு அட்டவணை போடுவது அபத்தம். ஆஸ்க்ரெனுக்குச் சிறுவயது முதல் பாயில் புரண்ட அனுபவம் இருந்தது. அகிலன் தோற்ற பிறகும் பயிற்சியை நிறுத்தவில்லை. முடிவுகளைத் தீர்மானித்தவை இவை.

தெருவும் சட்டமும்

அரங்கில் வெல்வதும் வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்புவதும் ஒன்றல்ல. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பை 99-ஆம் பிரிவு வைக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் தொடர்ந்து அடித்தால் தற்காத்தவர் குற்றவாளியாகலாம். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை 1958-ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மான்கொம்பையும் வாளையும் பையில் போட்டுக்கொண்டு திரிவதற்குக் கலைப்பற்று சாக்காகாது. வர்மம் கற்றுத் தருகிறோம், ஒரே தொடுதலில் எதிரி விழுவான் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளை இந்தப் பின்னணியிலும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். விழ மறுக்கும் ஒருவர்மீது அதைச் செய்து காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகாது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட ஒரு மாலை முழுதும் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பயிற்சிக்கூடங்களில் ஸ்பாரிங் என்று சொல்லும் நேர்மோதல் வாரந்தோறும் நடக்கிறதா, மூத்த மாணவர்கள் ஆசானிடமே அடி வைக்க அனுமதி உண்டா, கவசங்கள் உண்டா, காயம்பட்ட பிள்ளையை உட்கார வைக்கிறார்களா, பட்டைத் தேர்வுக்கு எவ்வளவு பணம் கேட்கிறார்கள், அமைப்பு விளையாட்டு ஆணையரிடமோ சங்கப் பதிவிலாகாவிலோ பதிந்திருக்கிறதா என்று கேட்கலாம். இக்கேள்விகளுக்கு நல்ல விடை தரும் சிலம்ப வகுப்பு, தராத எம்.எம்.ஏ. கூடத்தைவிட நிச்சயமாகச் சிறந்தது; மறுதலையும் அப்படியே.