சுன்னாகத்துக் கிணறுகளும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் மக்கள் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறார்கள். வெடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஓரிடத்தில் ஊற்றியது மற்றோர் இடத்தில் தலைகாட்டும்.

சுன்னாகத்தில் மின்நிலையம் 1950களிலிருந்தே உண்டு. போர் ஓய்ந்த காலத்தில் நொதேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனம் அங்கே எண்ணெய் எரித்து மின்சாரம் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்றது. கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றளவில் 150 கிணறுகளைச் சோதித்தனர். 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்நிலையத்தை நிறுத்தி வைத்தது.

அதே ஆண்டில் வேறொரு குரலும் கேட்டது. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, தீங்கான எண்ணெய் மாசு நீரில் இல்லை என்றது. பவுசர் தண்ணீருக்கு வாளியோடு காத்திருந்த தாய்மார் எதை நம்புவது? நிபுணர்கள் விலைபோனார்கள் என்று நான் எழுதவில்லை. அதற்குச் சான்றும் இல்லை. ஆனால் எண்ணெய் நீர்மேல் மிதப்பது. மாதிரியை எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் எடுத்தார்கள், எந்தச் சேர்மத்தைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். ‘கண்டறியப்படவில்லை’ என்பது பொதுமக்கள் காதில் ‘இல்லை’ என்றே விழும். அந்த இடைவெளியின் ஆதாயம் மாசுபடுத்தியவருக்கே போகும்.

இவ்வித்தையைக் காசு கொடுத்தே வளர்த்தவர்கள் அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள். (புகையிலை விளைத்தே பிள்ளைகளைப் படிப்பித்த யாழ்ப்பாணத்தாருக்குப் புகையிலைக் கதை புதிதன்று.) 1954 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, புற்றுநோய்த் தொடர்பு நிரூபணமாகவில்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே உதவுவோம் என்றார்கள். சந்தேகமே தங்கள் சரக்கு என 1969இல் ஒரு கம்பனியின் உட்குறிப்பே ஒப்புக்கொண்டது. சுன்னாகத்தில் அவ்வளவு செலவு தேவைப்படவில்லை. பழைய எண்ணெய்க் கழிவும், போரில் சிதைந்த தாங்கிகளும், முரண்பட்ட அறிக்கைகளும் சந்தேகத்தை இலவசமாகவே விளைவித்தன.

விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, கிணறுகளைத் துப்புரவாக்க நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்குமாறு நீதிமன்றம் பணித்தது. கிணறு ஒன்றுக்கு உச்சத்தொகை 40,000 ரூபா.