கிறிஸ்துமஸ் கரோல்

கிறிஸ்துமஸ் கரோல் என்பது ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் குறுநாவல். ஜான் லீச்சின் ஓவியங்களுடன் சாப்மன் அண்ட் ஹால் நிறுவனம் 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளியிட்டது. எபனேசர் ஸ்க்ரூஜ் என்ற கஞ்சர் ஒரே இரவில் மனம் திருந்துவதே கதை.

சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த சிறுவர்களின் நிலை பற்றிய அரசு ஆணைய அறிக்கையை அந்த ஆண்டு படித்த டிக்கன்ஸ், அதைப்பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதவே முதலில் எண்ணினார். பிறகு, கதைதான் மனத்தைத் தைக்கும் என்று முடிவு செய்து, ஏறத்தாழ ஆறு வாரங்களில் இதை எழுதினார். தந்தை கடனுக்காகச் சிறைப்பட்ட 1824இல், 12 வயதில் பூட்ஸ் மை ஆலையில் வேலை பார்த்தவர் அவர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு இருவர் ஸ்க்ரூஜிடம் வருகிறார்கள். சிறைகளும் ஏழை விடுதிகளும் இருக்கின்றனவே என்கிறார் அவர். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்போர் செத்தால் மிகையான மக்கள்தொகை குறையும் என்றும் சொல்கிறார். உதவி கேட்ட ஏழைகளை விடுதிகளுக்கு அனுப்பிய 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டமும், மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய மால்தஸின் கோட்பாடும் செல்வாக்குடன் இருந்த காலத்தில் இந்தப் பேச்சு வாசகர்களுக்குப் புதிதல்ல.

அன்றிரவு, இறந்து ஏழாண்டுகளான கூட்டாளி மார்லியின் ஆவி, பணப்பெட்டிகளும் கணக்கேடுகளும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து எச்சரிக்கிறது. அடுத்து மூன்று ஆவிகள். கடைசி ஆவி காட்டும் கல்லறையைக் கண்டு அஞ்சியே ஸ்க்ரூஜ் மாறினார் என்று பலர் நினைக்கிறார்கள். நாவலோ வேறு வரிசையில் போகிறது. கடந்த காலத்தின் ஆவி, விடுமுறையிலும் பள்ளியில் தனியே விடப்பட்ட ஒரு சிறுவனைக் காட்டுகிறது, அது ஸ்க்ரூஜேதான். அவர் அழுகிறார். முந்தைய மாலை தம் வாசலில் பாட வந்தபோது தாம் விரட்டியடித்த பையன் நினைவுக்கு வருகிறான். ஏதாவது கொடுத்திருக்கலாமே என்கிறார். கல் கசிவது இங்கேதான். அச்சத்துக்கு முன்பே இரக்கம் வந்துவிடுகிறது.

வாரம் 15 ஷில்லிங் வாங்கும் அவருடைய எழுத்தர் பாப் கிராச்சிட்டின் வீட்டை இரண்டாம் ஆவி காட்டுகிறது. ஊன்றுகோலுடன் நடக்கும் குழந்தை டைனி டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் கேட்க, மக்கள்தொகை பற்றி அவர் சொன்னதையே ஆவி திருப்பிச் சொல்கிறது. அவர் தலைகுனிகிறார். நாவலில் இதைவிடக் கூர்மையான இடம் இல்லை. மூன்றாம் ஆவியும் வந்துபோய் விடிந்ததும், ஸ்க்ரூஜ் கிராச்சிட் குடும்பத்துக்கு வான்கோழி அனுப்புகிறார்; மறுநாள் சம்பளத்தையும் உயர்த்துகிறார்.

முதல் பதிப்பின் 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அலங்காரமான தயாரிப்புக்கு அதிகம் செலவானதால், 1,000 பவுண்டு எதிர்பார்த்த டிக்கன்ஸுக்கு ஏறத்தாழ 230 பவுண்டே கிடைத்தது. 1844இல் இந்த நூலைத் திருட்டுத்தனமாக வெளியிட்ட பதிப்பாளர்கள்மீது வழக்குத் தொடுத்து வென்றார். அவர்கள் திவாலாகிவிட, வழக்குச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. 1853இல் பர்மிங்காமில் இந்த நூலைப் பொதுமேடையில் வாசித்தார். 1870 மார்ச்சில், இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன், லண்டனில் நடந்த கடைசி வாசிப்பிலும் இதைச் சேர்த்துக்கொண்டார்.